தண்ணீருக்கு முறை வைக்கிறோம், வருகிற ஆளுக்கு வைக்க மாட்டோமா?

கேட்ட தம்பியின் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர், கொள்ளிடம் கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு திட்டு. ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் உப்பங்கழி. அவருடைய சித்தப்பாவின் தென்னந்தோப்பை வெளியூர்க்காரர் ஒருவர் விலைக்குக் கேட்டு வந்திருக்கிறார். தங்கும் குடில்கள், படகுத்துறை, சனி ஞாயிறுகளில் இருளர் ஆட்டம், நண்டு விருந்து என்று பெரிய திட்டம். பாதி ஊர் ‘பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமே’ என்கிறது. மீதி ஊர் ‘உள்ளே விட்டால் தொலைந்தோம்’ என்கிறது. “மற்ற தீவுக்காரர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? சுற்றுலாவும் வேண்டும், நம் வழக்கமும் காடும் கெடக் கூடாது என்றால் என்ன செய்வது? தோப்பை விற்கலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

நான் சிதம்பரத்துக்காரன். அலையாத்திக் காட்டைத் திரும்ப வளர்க்கும் வேலையில் பல வருடம் சேற்றில் நின்றவன். அந்த அனுபவத்தையும், தீவுகளைப் பற்றிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

ஓரளவு உருப்பட்ட தீவுகளில் நான் கண்ட பொது விஷயம் ஒன்றுதான். எத்தனை பேர் வரலாம், எந்த நாள் வரலாம், எந்த வழியாக வரலாம் என்பதில் ஊர்க்காரன் பேச்சு எடுபடுகிறது. கெட்டுப்போன தீவுகளில் அதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். நமக்கு இது புதிதில்லை. மேட்டூரை ஜூன் 12இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தண்ணீர் குறைந்த வருடத்தில் கல்லணையிலிருந்து காவிரிக்கு இத்தனை நாள், வெண்ணாற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து விடுவார்கள். அதற்குள் வாய்க்கால் வாரியாக ஒரு முறை. ராத்திரி யாராவது மடையை மாற்றித் திறந்துவிட்டால் காலையில் ஊரே கூடிவிடும். தண்ணீருக்கு நாம் செய்கிற இதைத்தான் சில தீவுகள் வருகிற ஆளுக்குச் செய்கின்றன.

நம்மவர்களுக்குச் சட்டென்று புரிகிற உதாரணம் பாலித் தீவு. அங்கே ஒரே வாய்க்காலில் பாய்கிற வயல்காரர்கள் சேர்ந்து ‘சுபக்’ என்று சங்கம் வைத்திருக்கிறார்கள். தீவு முழுக்க ஆயிரத்துக்கும் மேல். யார் எப்போது நாற்று விடுவது, எப்போது தரிசு போடுவது என்பதைத் தண்ணீர்க் கோயிலில் கூடி முடிவு செய்வார்கள். 1970களில் பசுமைப் புரட்சி வந்தது. கோயில் கணக்கை விடு, தண்ணீர் கிடைத்தவன் கிடைத்தபோது நடு, வருடம் மூன்று போகம் எடு என்றார்கள். ஒரு வயல் அறுவடையில், பக்கத்து வயல் இளம் பயிரில் என்று ஆனதும் பூச்சிக்குப் பட்டினி கிடக்க நாளே இல்லாமல் போனது. நம்மூர்ப் புகையான்தான். மூட்டை மூட்டையாக நெல் போனது. பிறகு ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க மானிடவியலாளர் கணினியில் மாதிரி போட்டுக் காட்டினார்: எல்லோரும் சேர்ந்து நட்டு, சேர்ந்து தரிசு போடுகிற அந்தப் பழைய கோயில் கணக்குதான் தண்ணீருக்கும் பூச்சிக்கும் சேர்த்து ஒத்துவருகிற கணக்கு என்று.

இது வரைக்கும் நல்ல கதை. 2012இல் யுனெஸ்கோ சுபக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அடுக்கடுக்கான வயலைப் பார்க்கப் பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்தார்கள். ஆனால் வயலோரம் மாளிகை கட்டியவனுக்குக் காசு. வரப்பில் மண்வெட்டியோடு நிற்பவனுக்குப் படத்தில் ஓர் ஓரம். நிலத்தின் விலை ஏறியது, வரி ஏறியது, விடுதிகள் அதே தண்ணீரை உறிஞ்சின. வயலை விற்றுவிட்டு விடுதியிலேயே வேலைக்குப் போன விவசாயிகள் உண்டு. காட்சியைக் காப்பாற்ற எல்லோருக்கும் ஆசை. காட்சியைத் தினமும் மண்வெட்டியால் உண்டாக்குகிறவனைக் காப்பாற்றத்தான் யாரும் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் ஹவாயில் இருக்கிறது. கவாயி தீவின் வடக்கு முனையில் ஹாஎனா என்றொரு ஊர். மலை உச்சியிலிருந்து கடல் திட்டு வரை ஒரே நிர்வாகமாகப் பார்ப்பது அந்த மக்களின் பழைய வழக்கம். மேலே காடு, நடுவில் தண்ணீர் தேக்கி சேம்பு விளையும் பாத்தி, கீழே மீன். 2018 ஏப்ரலில் அந்தப் பகுதியில் 24 மணி நேரத்தில் 126 செ.மீ. மழை கொட்டியது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்ததற்கே நாம் என்ன பாடு பட்டோம்! ஹாஎனாவில் சாலையே போய்விட்டது, ஒரு வருடத்துக்கு மேல் வெளியாள் யாரும் வர முடியவில்லை. ஊர்க்காரர்களுக்கு அப்போதுதான் மூச்சு விட முடிந்தது. 2019 ஜூனில் அங்குள்ள பூங்காவைத் திறந்தபோது புதிய ஏற்பாடு வந்தது. முன்பு ஒரு நாளில் மூவாயிரம் பேர் வரைக்கும் வந்த இடத்தில் இனி 900 பேர்தான். முன்பதிவு இல்லாமல் வெளிமாநிலத்தார் நுழைய முடியாது. ஹவாய்க்காரர்களுக்கு முன்பதிவும் கட்டணமும் கிடையாது. வண்டி நிறுத்தத்தையும் பேருந்தையும் நடத்துவதில் அந்த மண்ணின் குடும்பங்கள் சேர்ந்த அமைப்புக்குப் பங்கு உண்டு. இதற்கு முன்பே, 2015இல், அந்தக் கடலில் வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் மீன் பிடிக்கலாம், விற்பதற்குப் பிடிக்கக் கூடாது என்று ஊர் எழுதிய விதியை மாநில அரசு சட்டமாக ஏற்றுக்கொண்டிருந்தது.

அதே ஹவாயில் இன்னொன்றையும் பாருங்கள், உங்கள் ‘சனிக்கிழமை ஆட்ட’த்துக்கு இதுதான் பதில். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே என்று சட்டம் போட்டார்கள். தொண்ணூறு வருடம் கழித்துப் பார்த்தால், 18 வயதுக்குக் கீழே அந்த மொழி பேசுகிற பிள்ளைகள் ஐம்பது பேர்கூட இல்லை. இத்தனைக்கும் அந்தக் காலத்தில் ஹோனலூலு விடுதிகளில் ஹூலா நடனம் நடந்துகொண்டுதான் இருந்தது. மாலை போட்டு வரவேற்றார்கள், கை தட்டினார்கள். மேடை நிறைந்திருந்தது, வீட்டில் மொழி செத்துக்கொண்டிருந்தது. 1984இல் மொழி ஆசிரியர்களும் பெற்றோர்களும் சேர்ந்து ‘பூனானா லியோ’ என்ற பாலர் பள்ளியைத் தொடங்கிய பிறகுதான் மொழி திரும்பத் தலையெடுத்தது. ஆட்டம் காட்டினால் பண்பாடு பிழைக்கும் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அந்தமானுக்கு நம் பக்கத்திலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். நானும் போனேன், ஒரு சாதாரணப் பயணியாக. பாராடாங் சுண்ணாம்புக் குகையைப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலையில் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்க வேண்டும். அங்கிருந்து வண்டிகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, போலீஸ் காவலோடு ஜாரவா என்ற பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகும். படம் எடுக்கக் கூடாது, வண்டியை நிறுத்தக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. வண்டியில் இருந்த யாரும் குகையைப் பற்றிப் பேசவில்லை. எல்லார் கண்ணும் காட்டோரத்தில்தான் இருந்தது, என் கண்ணும்தான். இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தச் சாலையை ஜாரவாக்களின் பகுதியில் மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இலேயே உத்தரவிட்டது. மூடவில்லை. 2012இல் ஜாரவாப் பெண்களைப் பயணிகளுக்கு முன்னால் ஆடச் சொல்லும் காணொளி வெளியாகி உலகமே காறித் துப்பியது. பிறகு 2017இல் கடல் வழி ஒன்றைத் திறந்தார்கள். சாலை அப்படியே இருக்கிறது. ஜாரவாக்கள் சில நூறு பேர்தான். எத்தனை வண்டி, எந்த நேரம் என்பதெல்லாம் எழுதி வைத்த விதிதான். ஆனால் அதை எழுதியது அவர்கள் இல்லை.

சரி, நம் பக்கம் வருவோம்.

பிச்சாவரம் சுமார் 1,100 ஹெக்டேர் காடு, ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டுகள். கோயில் நகரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் இன்று இந்தக் காட்டில்தான் நிற்கிறது. பால் பட்டால் கண் போய்விடும் என்று பெரியவர்கள் கிட்டே போக விட மாட்டார்கள். எம்.ஜி.ஆர். படம் எடுத்த இடம் என்று படகில் வருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது வேறொரு காட்சி.

ஓதம், அதாவது கழியில் ஏறி இறங்கும் கடல்நீர், வற்றும் நேரத்தில் இருளர் பெண்கள் கழிக்குள் இறங்குவார்கள். இடுப்பளவுத் தண்ணீர். வலை கிடையாது. இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டு, வேருக்கு அடியில் மெதுவாகத் தடவிக்கொண்டே நகர்வார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டதும் பொத்திப் பிடித்து, பறிக்குள் போடுவார்கள். பறி என்பது ஓலையில் முடைந்த சின்னக் கூடை. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு முறை நான் கரையில் இருந்தபோது சுற்றுலா மோட்டார் போட் ஒன்று வாய்க்காலை அடைத்துக்கொண்டு வந்தது. அலை அந்தப் பெண்களின் தோள் வரை ஏறியது. அடிச்சேறு கலங்கியது, இறால் கலைந்தது. அன்றைய ஓதத்தின் வேலை போச்சு. அவர்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்ட முடியாது, வாயில் பறி. போட்டில் இருந்தவர்கள் கைகாட்டிச் சிரித்தார்கள், ஒருவர் படம் எடுத்தார்.

பாதுகாக்க வேண்டியது எது என்று நீங்கள் கேட்டால் நான் அந்த ஓத நேரத்தைத்தான் சொல்வேன். வற்றும் நேரத்தில் சின்ன வாய்க்கால்களில் மோட்டார் வரக் கூடாது. வருகிறவர்கள் வந்தே தீர வேண்டுமென்றால் துடுப்புப் படகில், ஓதம் ஏறும்போது வரட்டும். இதுதான் முறை. இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை, கடிகாரமும் ஓதக் கணக்கும் போதும். அந்தப் பெண்களிடம் கேட்டாலே நாளைக்கு எப்போது வற்றும் என்று சொல்லிவிடுவார்கள்.

காட்டைப் பற்றிக் கொஞ்சம். வெள்ளைக்காரன் காலம் தொட்டு 1970கள் வரைக்கும் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் கூறு கூறாக மரத்தை மொட்டையடித்து வெட்டினார்கள். திரும்ப முளைக்கும் என்று நினைத்தார்கள், முளைக்கவில்லை. நிழல் போனதும் ஈர மண் வெயிலில் காய்ந்து அமுங்கித் தட்டுப்போல் பள்ளமானது. ஓதத்தில் ஏறிய தண்ணீர் திரும்பி வடியாமல் தேங்கியது, வற்றி வற்றி உப்பு ஏறியது. அந்த உப்பில் எந்த விதையும் நிற்காது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள். நடுவில் ஒரு முதுகெலும்பு வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால். ஓதம் உள்ளே வந்து வெளியே போக வழி கிடைத்ததும் உப்பு கழுவிக்கொண்டு போனது. கரைச் சரிவில் நட்ட வெண்கண்டல் பிடித்துக்கொண்டது. இதில் எனக்குப் படிப்பு சொல்லித்தந்தவர்கள் ஊர்க்காரர்கள்தான். தண்ணீர் எந்தப் பக்கமாக வடியும் என்பதை வரைபடத்தைப் பார்க்காமல் காலால் சொன்னார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு. கடலைப் பார்த்து மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற ஊர் அழிந்தே போனது. உங்கள் ஊருக்கு வருகிறவர் ‘கடல் தெரிகிற மாதிரி’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மணல்மேடுதான் ஞாபகம் வரும்.

அடுத்து, யாரும் பேசாத விஷயம்: குடிதண்ணீரும் கக்கூஸும். கடலால் சூழ்ந்த மணல் திட்டில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீர்மேல் மிதக்கிற ஒரு மெல்லிய வில்லை. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால் கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் போடுங்கள். ஆழ்துளைக் கிணறு போட்டு மேலே ஓர் அடியை இறக்கினால் கீழே உப்பு நாற்பது அடி ஏறி வரும். கையால் தோண்டுகிற ஊற்று அந்த வில்லையைக் கலைக்காது, ஐந்து குதிரைத்திறன் மோட்டார் கலைத்துவிடும். கழிவு கதை பிலிப்பைன்ஸில் நடந்தது. போராகாய் தீவின் கடற்கரை உலகப் புகழ் பெற்றது. விடுதிகள் கழிவை நேரே கடலில் விட்டு விட்டு, கடைசியில் 2018 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஆறு மாதம் தீவையே அரசாங்கம் மூடிவிட்டது. மூடிய ஆறு மாதமும் கூலிக்காரர்கள்தான் பட்டினி கிடந்தார்கள்.

நிலத்தை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: விற்காதீர்கள். தென் பசிபிக்கில் ராப்பா நூயி, நாம் ஈஸ்டர் தீவு என்று படித்த தீவு, சிலி நாட்டுக்குச் சொந்தம். ஆனால் அங்கே அந்த மண்ணின் மக்களைத் தவிர வேறு யாரும் நிலம் வாங்க முடியாது. 2018 முதல் வெளியாள் முப்பது நாளுக்கு மேல் தங்கவும் முடியாது. சிலைகள் இருக்கிற பூங்காவை நடத்துவதே அவர்களின் அமைப்புதான். நமக்கு அப்படிச் சட்டம் இல்லை. அதனால்தான் விற்காமல் இருப்பது ஒன்றே உங்கள் கையில் இருக்கிற சட்டம். அவருக்கு உண்மையிலேயே தொழில் செய்ய ஆசை என்றால் குறுகிய காலக் குத்தகைக்கு எடுக்கட்டும், ஊர் விதியை மீறினால் ரத்து என்று எழுதட்டும். கடைமடையை வெளியாள் கையில் கொடுத்து நாம் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறோம். 1990களில் இறால் பண்ணைக்காரர்கள் வந்து போன நிலத்தில் இன்னும் உப்பு பூத்திருக்கிறது. காந்தியவாதிகளான ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் போராடி, வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1996 டிசம்பரில் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது.

சட்டத்தில் உங்களுக்குச் சாதகமானதும் உண்டு. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் அலையாத்திக் காடு உச்சப் பாதுகாப்புப் பிரிவில் வருகிறது. ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் காடு இருந்தால் அதைச் சுற்றி ஐம்பது மீட்டர் இடைவெளி விட வேண்டும். தோப்பின் எல்லையிலிருந்து காடு எவ்வளவு தூரம் என்று முதலில் சங்கிலி போட்டு அளந்துவிடுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துபோகவும் கூடும். 2006 வன உரிமைச் சட்டம், காட்டு நீரில் மீன் பிடிக்கிற உரிமையையும் சமூக உரிமையாகச் சொல்கிறது. இருளர் குடும்பங்கள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். டெல்டாவை வேளாண் மண்டலமாக அறிவித்த 2020 சட்டம் காப்பாற்றாதா என்று சிலர் கேட்கிறார்கள். அது பெரிய ஆலைகளையும் எண்ணெய், எரிவாயு எடுப்பதையும் நினைத்து எழுதியது. குடில் கட்டுகிறவரை அதை வைத்துத் தடுக்க நினைக்காதீர்கள்.

ஊர் முடிவு செய்யட்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஊர் என்றால் யார்? நம் கடற்கரையில் மீனவர் பஞ்சாயத்து பலமானது. என்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது, எந்த வலை கூடாது என்று சொன்னால் நடக்கும். அந்தக் கட்டுப்பாடு பெரிய சொத்து. ஆனால் அந்தக் கூட்டத்தில் பெண்கள் உட்கார்வதில்லை, இருளர் குடியிருப்பிலிருந்து யாரையும் கூப்பிடுவதும் இல்லை. யாருடைய ஆட்டத்தைச் சனிக்கிழமை காட்டப் போகிறார்களோ அவர்களைக் கேட்காமல் ஊர் சரி சொன்னால், ஜாரவா சாலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒப்புதல் கையெழுத்து விஷயத்தில் கிரேட் நிக்கோபார் தீவைப் பாருங்கள். துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று 72,000 கோடி ரூபாய்த் திட்டம். முதலில் அங்குள்ள பழங்குடிக் குழு சம்மதக் கடிதம் கொடுத்தது. சுனாமியில் இடம் மாற்றப்பட்டு, என்றைக்காவது திரும்பிப் போவோம் என்று காத்திருந்த தங்கள் பழைய ஊர்களின் நிலமும் திட்டத்துக்குள் வருகிறது என்று பிறகுதான் தெரிந்தது. 2022 நவம்பரில் சம்மதத்தைத் திரும்பப் பெற்றார்கள். வேலை நிற்கவில்லை. எனவே வரைபடம், கிணறுகளின் எண்ணிக்கை, கழிவு போகும் இடம், ஒரு நாளைக்கு எத்தனை ஆள் என எல்லாம் தமிழில் எழுதி கிராம சபையில் சத்தமாகப் படித்த பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதை அன்றே படம் எடுத்து வையுங்கள்.

வேலை கிடைக்கும் என்கிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். மீன் குறைகிறது, பையன்கள் சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். ஊரே நடத்துகிற நாலு துடுப்புப் படகு, இரண்டு வீட்டில் தங்க இடம், மதியம் வீட்டுச் சாப்பாடு என்று தொடங்கினால் பணம் சின்னதாக வரும், ஆனால் ஊருக்குள் வரும். ஒரு நாளைக்கு எத்தனை ஆள் என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். இருபது என்றால் இருபது. ஆடிப்பெருக்கன்றும், சாவு விழுந்த நாளிலும், திருவிழாக் கொடி ஏறிய பிறகும் படகு கிடையாது.

கடைசியாக, தோப்பு கேட்டு வந்தவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். மேட்டூர் நிரம்பி உபரித் தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கும்போது நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் ஆட்களெல்லாம் மூட்டை முடிச்சோடு முகாமுக்குப் போவார்களே, அந்த வாரத்தில் வந்து இரண்டு ராத்திரி உங்கள் வீட்டில் தங்கச் சொல்லுங்கள். அவர் வரைபடத்தில் கக்கூஸ் தொட்டி எங்கே இருக்கிறது, தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று காலையில் கூட நின்று காட்டுங்கள்.